கல்லாவில சேர்ந்த எரர் காசுகள்: காசு அடிக்கிற ஆலையில பிழையா வந்ததோ, பிறகு ஆரும் கை வைச்சதோ?

விசுவமடுக் கடைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுவில பலசரக்குக் கடை. கல்லாவுக்க வாற குத்திக்காசில வித்தியாசமாத் தெரியிறதை ஒரு போத்தலுக்க போட்டு வைக்கிறது என்ர பழக்கம். போன கிழமை சாமான் வாங்க வந்த பெடியன் ஒருத்தன் அதைப் பாத்திட்டு, "அண்ணை, உதெல்லாம் எரர் காசு, முகநூலில இலட்சத்துக்குப் போகுது" எண்டு சொல்லிப்போட்டான். அண்டையில இருந்து மனிசி என்னை நிம்மதியா இருக்க விடேல்லை.

படங்கள் போட்டிருக்கிறன். பித்தளை நிற 5 ரூபா ஒண்டு, கரையில பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. 2 ரூபா ஒண்டில இலக்கம் கண்ணாடியில பாக்கிற மாதிரித் தலைகீழாப் பதிஞ்சு கிடக்கு. பதினொரு பக்க 10 ரூபாவில எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. கடைசியா, சின்ன 1 ரூபா ஒண்டு செப்புக்காசு மாதிரிச் சிவந்து போய் இருக்கு. எது உண்மை, எது பொய்?

சில்லறைச் சித்தன்

நாலும் எரர்தான் அண்ணை. யோசிக்கவே வேண்டாம். அந்த 2 ரூபாவுக்கு "புரொக்கேஜ்" எண்டு பேர், வெளிநாட்டில அடிபட்டு வாங்குவாங்கள். உள்பெட்டிக்கு வாங்கோ, விலை கதைப்பம். இஞ்ச கன பேர் பொறாமையில "சேதம், சேதம்" எண்டு சொல்லி உங்கட மனசை மாத்துவினம்.

முறிகண்டியார்

தம்பி கடைக்காரன், விலையைப் பிறகு பார்ப்போம். படம் மேலிருந்து மட்டும் எடுத்திருக்கிறீர். காசைச் சரித்து, விளிம்பு தெரிகிற மாதிரிப் பகல் வெளிச்சத்தில் இன்னொரு தரம் எடுத்துப் போடும். பிளாஷ் வேண்டாம். நகைக்கடைக்காரர் ஆராவது தெரிந்தவர் இருந்தால் அவருடைய தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, கிராமில் இரண்டு தசம தானம் வரை எழுதும். ஒரு காந்தமும் வைத்துப் பாரும்.

நீர் அதைச் செய்து முடிக்கும் வரைக்கும் ஒரு அடிப்படையைச் சொல்லி வைக்கிறேன். எங்கட காசு இலங்கையில் அடிக்கப்படுவதில்லை. மத்திய வங்கி வெளிநாட்டு ஆலைகளில் அடிப்பித்து எடுக்கிறது, முந்திக் கூடுதலாகப் பிரித்தானிய அரச ஆலையில்தான். அது 1968 இலிருந்து வேல்ஸிலுள்ள லான்ட்ரிசன்ட் என்ற ஊரில் இருக்கிறது. எந்த ஆலையாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். நீளத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டுவார்கள். அந்த வட்டத்தின் கரையை நெரித்து மேடாக்குவார்கள். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சு, சுற்றிவர ஒரு வளையம், நடுவில் அந்த வெறுந்தகடு, ஒரே அடி. ஆலைப் பிழை என்றால் தகட்டில் நடந்திருக்க வேண்டும், அல்லது அச்சில், அல்லது அடி விழுந்த நேரத்தில். "இது எந்த இடத்தில் எப்படி நடந்திருக்கும்?" என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லையா, அந்தக் காசு ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு அடிபட்டது என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைப் பரமு

அந்த 2 ரூபாவை நான் ஒரு நிமிசத்தில செய்து காட்டுவன். பரந்தனில வெல்டிங், லேத் வேலை செய்யிறனான். ரெண்டு காசை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு, பெரிய வைஸ் எண்ட இரும்பு இடுக்கியில இறுக்கி, நீளப் பைப் ஒண்டு போட்டு நெம்பினால் ஒண்டின்ர மேடு மற்றதில பள்ளமா இறங்கும். சுத்தியலால அடிச்சாலும் வரும், ஆனா கோணலாப் போயிடும். பள்ளிக்கூடக் காலத்தில இதெல்லாம் எங்கட விளையாட்டு.

கடைக்கார அண்ணை, உங்கட படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. தலைகீழ் இலக்கத்துக்குக் கீழ பழைய இலச்சினை இன்னும் தெரியுது. எழுத்தின்ர மேல்பக்கம் நசிஞ்சு தட்டையாக் கிடக்கு. மற்றப் பக்கமும் நசிஞ்சிருக்கும், ஏனெண்டால் வைஸின்ர மற்றத் தாடை அதிலதான் முட்டியிருக்கும்.

முறிகண்டியார்

பரமு சொன்னதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. ஆனாலும் உண்மையான புரொக்கேஜ் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அடித்து முடிந்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெறுந்தகடு வந்து நிற்கும். அதற்கு ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் அந்த ஒட்டின காசு. மோதக அச்சில் முந்தின மோதகம் ஒட்டிக் கிடக்க, அதைக் கவனிக்காமல் அடுத்த மாவை வைத்து அமத்தின மாதிரி. ஆகவே தலைகீழாகப் பதிந்த பக்கத்தில் அந்தத் தலைகீழ் உருவம் மட்டும்தான் இருக்கும். அதற்கு அடியில் வேறொரு சித்திரம் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அது வெறுந்தகடு. மறுபக்கம் புதுக்காசு போலக் கூராக இருக்கும்.

சித்தன், இதை நீர் வாங்குவதானால் தாராளமாக வாங்கும். விற்கும்போது "வைஸில் வைத்து நெரித்தது" என்று சொல்லி விற்றால் சரி.

சில்லறைச் சித்தன்

ஐயா, எல்லாத்தையும் பொய் எண்டால் ஆரும் காசு சேர்க்க வரமாட்டினம். சரி, 2 ரூபாவை விடுங்கோ. 5 ரூபாவுக்கு என்ன சொல்லப்போறியள்? பிறை வெட்டு எண்டது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட எரர்.

விசுவமடுக் கடைக்காரன்

தருமபுரத்தில தெரிஞ்ச நகைக்கடையில நிறுத்துப் போட்டன். கடைக்காரர் சிரிச்சவர். 5 ரூபா 7.1 கிராம். காந்தம் ஒட்டுது. வெட்டின இடத்தில பித்தளை நிறம் இல்லை, சாம்பல் நிறமா இருக்கு, ஒரு மூலையில கறளும் பிடிச்சிருக்கு. முந்தின காலத்துப் பழைய 5 ரூபா ஒண்டையும் கூட நிறுத்தன், அது 9 கிராமுக்கு மேல போகுது, காந்தம் ஒட்டேல்லை. அப்ப பிழை உலோகமோ?

முறிகண்டியார்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இதில்தான் கன பேர் ஏமாறுகிறார்கள். 1984 இல் வந்த 5 ரூபா முழுக்கப் பித்தளை வகை உலோகம், ஏறத்தாழ 9.5 கிராம். 2005 இலிருந்து உள்ளே உருக்கு, மேலே பித்தளை முலாம், ஏறத்தாழ 7.7 கிராம். அதனால் காந்தம் ஒட்டும். இரண்டும் சரியான காசுதான். 2017 இல் மறுபடியும் மாறி, 1, 2, 5, 10 ரூபாக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்தன. "மஞ்சள் 5 ரூபாவைத்தான் பார்த்திருக்கிறேன், இது வெள்ளையாக இருக்கிறது, எரரா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். ஆண்டைப் பார்த்தாலே போதும்.

பிழை உலோகத்துக்கு உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 1943 ஆம் ஆண்டு ஒரு சதம். போர்க்காலம், செப்பு தோட்டாவுக்குப் போனது, சதத்தை நாகம் (துத்தநாகம்) பூசிய உருக்கில் அடித்தார்கள். முந்தின ஆண்டின் செப்புத் தகடுகள் சில இயந்திரத்தில் தங்கிக் கிடந்து அச்சுக்குள் போய்விட்டன. அந்தச் சதம் ஒன்றின் விலை இலட்சக்கணக்கான டொலர். ஆகவே உருக்குச் சதத்துக்குச் செப்பு முலாம் பூசி விற்கிற கூட்டமும் வந்தது. காந்தம் ஒட்டினால் போலி. இவ்வளவு பெரிய ஏமாற்றை ஒரு காந்தம் கண்டுபிடித்துவிடும்.

இப்போது உங்கட 5 ரூபா. பிறை வெட்டு எப்படி வருகிறது? தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டின ஓட்டையோடு முட்டி அடுத்த வட்டம் வெட்டுப்படும்போது. அதாவது அச்சில் அடிக்க முன்னமே, முலாம் பூசவும் முன்னமே அந்தத் துண்டு போய்விட்டது. அப்படியானால் பிறகு பூசின முலாம் வெட்டின முகத்திலும் இருக்க வேண்டும். உங்கட காசில் அந்த இடத்தில் உருக்கு வெளியே தெரிகிறது, கறளும் பிடிக்கிறது. முலாம் பூசி, அச்சடித்து, மத்திய வங்கிக்கு வந்து, கடைக்கு வந்த பிறகு ஆரோ அரம் போட்டிருக்கிறார்கள்.

ஒன்று கவனிக்க வேணும். இந்தச் சோதனை முலாம் பூசின காசுக்கு மட்டும்தான். 1984 காலத்து முழுப்பித்தளை 5 ரூபாவிலோ, பழைய சிலோன் சதத்திலோ வெட்டு முகமும் மற்ற இடமும் ஒரே நிறம். அங்கே வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும்.

பனங்காமத்தான்

வேறு விதம் எண்டால் என்ன மாதிரி ஐயா? என்னட்ட ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சதம் ஒண்டு கிடக்கு, கரையில வெட்டு.

முறிகண்டியார்

இரண்டு இடம் பாரும். முதலாவது, வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். கரையை நெரித்து மேடாக்குகிற இயந்திரத்தில் தகடு உருண்டு போகும்போது, ஒரு பக்கம் துண்டு இல்லையென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மேடு மங்கலாக, சில நேரம் இல்லாமலே இருக்கும். சேர்ப்பவர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். இரண்டாவது, வெட்டுக்குப் பக்கத்து எழுத்துகள். அடி விழும்போது உலோகம் வெறுமையான பக்கத்துக்கு ஓடும். அதனால் எழுத்து அந்தப் பக்கம் இழுபட்டு, மெலிந்து மறையும். அரத்தால் வெட்டின காசில் எழுத்து முழு உயரத்தோடு வந்து சடக்கென்று நிற்கும்.

பிளேக்ஸ்லி இல்லையென்பதற்காக மட்டும் தள்ளிவிடவும் கூடாது. வெட்டுச் சின்னதாக இருந்தால் அது தெரியாமல் போகலாம். எழுத்துத்தான் பெரிய சாட்சி.

சில்லறைச் சித்தன்

10 ரூபா? எழுத்து இரட்டையா வந்தது ஆலையில நடந்ததுதானே. அதை ஆரும் அரத்தால செய்யேலாது. டபிள் டை எண்டு சொல்லுறது. 1955 அமெரிக்கச் சதத்தைத் தேடிப் பாருங்கோ.

முறிகண்டியார்

சித்தன் இந்தத் தரம் பாதி சரி. ஆலையில் நடந்ததுதான். ஆனால் 1955 சதத்தில் நடந்தது வேறு, இங்கே நடந்தது வேறு. அந்தச் சதத்தில் அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் சற்று விலகி இரண்டு தரம் இறங்கிவிட்டது. அந்த அச்சு அடித்த காசு அத்தனையிலும் ஒரே இரட்டிப்பு, ஒரே இடத்தில். இரண்டு உருவமும் வட்டமான மேடாக, முழு உடம்போடு நிற்கும். எழுத்தின் நுனி பிளந்து தெரியும், எழுத்து வழமையை விடத் தடிக்கும்.

உமது 10 ரூபாவில் "ரூபா" என்ற எழுத்தின் பக்கத்தில் தட்டையான ஒரு படி மட்டும் தெரிகிறது, பளபளப்பாக. எழுத்து தடிக்கவில்லை, மெலிந்திருக்கிறது. அடித்து முடிந்த கணத்தில், தளர்வாயிருந்த அச்சு துள்ளி, எழுத்தின் ஓரத்தைச் சீவிவிட்டது. இதற்கு இயந்திர இரட்டிப்பு என்று பெயர். சேர்ப்பவர்கள் இதற்குக் காசு கொடுப்பதில்லை. புதுக்காசுச் சுருள் ஒன்றை உடைத்துப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள், அவ்வளவு சாதாரணம்.

தண்ணிமுறிப்பு அக்கா

நான் காசு சேர்க்கிற ஆள் இல்லை, இந்த இழையை வாசிச்சுக்கொண்டு போனனான். மீள்குடியேறி வந்து பழைய வளவைத் துப்பரவாக்கேக்க, எங்கட அம்மா புதைச்சு வைச்ச முட்டி அம்பிட்டது. அதுக்க குத்திக்காசு. வீடு எரிஞ்ச இடத்துக்குப் பக்கத்தில தாட்டது. சில காசில மேல்தோல் கொப்புளம் போட்டிருக்கு, சிலது கறுத்துப் போச்சு. பழைய 5 சதம், 10 சதம் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரு கட்டியா இருக்கு. மகன் போனில தேடிப் பாத்திட்டு, "கொப்புளம் எண்டால் எரர்" எண்டு சொல்லுறான். விக்கிற எண்ணம் இல்லை. என்ன நடந்தது எண்டு அறிய ஆசை.

முறிகண்டியார்

பிள்ளை, நெருப்புப் பட்ட காசு அது. ஒட்டிப்போன 5 சதமும் 10 சதமும் 1978 இலிருந்து வந்த அலுமினியக் காசாக இருக்க வேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். கூரையும் மரமும் எரிகிற வீட்டில் அந்தச் சூடு வரும். வெள்ளைச் செப்புநிக்கல் காசுகள் உருக 1,100 பாகைக்கு மேல் வேண்டும், ஆகவே அவை கறுத்ததோடு தப்பியிருக்கும்.

மகன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முலாம் பூசும்போது அடியில் காற்றோ அழுக்கோ அகப்பட்டு, ஆலையிலேயே கொப்புளம் வருவதுண்டு. அது ஓரிடத்தில், சின்னதாக இருக்கும், மேல்தோலில் புதுக்காசின் மினுக்கம் இருக்கும். நெருப்பில் வந்தது இரண்டு பக்கமும் பரவியிருக்கும், மினுக்கம் செத்திருக்கும். மண்ணில் உப்பு ஏறின இடமென்றால், நந்திக்கடல் பக்கம் போல, மூன்றாவது வகையும் வரும். முலாமில் ஒரு கீறல் வழியே ஈரம் உள்ளே போய், உருக்குக் கறள் பிடித்து, அந்தக் கறள் பெருத்து மேல்தோலைத் தள்ளும். அந்தக் கொப்புளத்தை ஊசியால் குத்தினால் செம்மண் நிறத் தூள் கொட்டும். குத்திப் பார்க்க வேண்டாம்.

அந்தக் கட்டியைப் பிரிக்கவும் வேண்டாம். அதை ஆரும் எரர் என்று சொல்லி வாங்க வந்தால் கொடுக்கவும் வேண்டாம்.

தண்ணிமுறிப்பு அக்கா

ஓம் ஐயா. முட்டியோடயே வைச்சிருக்கிறன். நன்றி.

பட்டறைப் பரமு

அக்காவின்ர பதிவை வாசிச்சாப் பிறகு ஒண்டு எழுதத் தோணுது. எங்கட பக்கத்துக் காசுக்கு எத்தினை விதமான அடி! கோயிலில காசுக்கு மேல கர்ப்பூரம் கொளுத்தினால் வட்டமாக் கறுப்பு விழும். நேர்த்திக்கு மஞ்சள் துணியில முடிஞ்சு வருசக்கணக்கா வைச்ச காசில துணியின்ர இழை அடையாளம் ஏறும். 2013 இல கிளிநொச்சி வரைக்கும் திரும்ப ரயில் ஓடத் தொடங்கேக்க, பெடியளுக்குத் தண்டவாளத்தில காசு வைக்கிறதுதான் பொழுதுபோக்கு. அப்பிடி நசிஞ்ச நீள்வட்டக் காசு ஒண்டை "வளையம் இல்லாமல் அடிச்ச எரர்" எண்டு ஒருத்தர் என்னட்டக் கொண்டந்தவர்.

முறிகண்டியார்

வளையம் இல்லாமல் அடித்த காசு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் பக்கமும் விரியும், சித்திரம் கூராக நிற்கும், விளிம்பு வரி இருக்காது. ரயில் நசித்தது ஒரு திசையில் நீளும், சித்திரம் தடவி விட்டதாக இருக்கும்.

விசுவமடுக் கடைக்காரன்

சிவப்பு 1 ரூபாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? நிறை 3.5 கிராம். காந்தம் ஒட்டுது. உண்மையைச் சொன்னால், வீட்டில மனிசி இதைப் பழப்புளி போட்டு மினுக்கினவ.

பனங்காமத்தான்

அக்காட்டச் சொல்லுங்கோ, குத்துவிளக்கு வேற, காசு வேற!

முறிகண்டியார்

காரணம் அதுதான். இந்த 1 ரூபாவுக்கும் மேலே பித்தளை முலாம்தான். பித்தளை என்பது செப்பும் நாகமும். புளி, தேசிக்காய் போன்ற புளிப்புகள் நாகத்தைத் தின்றுவிடும். செப்பு மிஞ்சும், காசு சிவக்கும். "முலாம் மாறிப் போன எரர்" என்று விற்கப்படுகிற சிவப்புக் காசுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். கடும் அமிலத்தில் போட்டால் எழுத்தெல்லாம் கரைந்து, காசு மெலிந்து, நிறையும் குறையும்.

ஆனால் தம்பி, அந்தப் படத்தில் வேறொன்று கண்டேன். ஆண்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து எழுத்துக்குள்ளால் போகிற ஒரு மெல்லிய கோடு. நகத்தால் தடவிப் பாரும். பள்ளமா, மேடா?

விசுவமடுக் கடைக்காரன்

மேடு. லென்ஸ் இரவல் வாங்கிப் பாத்தன். எழுத்துக்கு மேலாலயும் போகுது, வளைஞ்சு வளைஞ்சு.

முறிகண்டியார்

அப்படியானால் உமது போத்தலில் சொல்லத்தக்க ஆலைப் பிழை அதுதான். அச்சு அடிபட்டு அடிபட்டு வெடிக்கும். அடுத்த அடியில் உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறும், காசில் மேடான கோடாக வரும். காசு வெளியே வந்த பிறகு ஆரும் கீறினால் பள்ளம்தான் வரும், மேடு வராது. பள்ளமாக ஆலையில் வருவதும் உண்டு. நூலோ கிறீசோ அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் அகப்பட்டால் அந்த இடம் இறங்கும், அல்லது "இலங்கை" என்ற சொல்லே மங்கிப் போகும். ஆனால் அந்தப் பள்ளத்தின் அடி வழுவழுப்பாக இருக்கும், கீறலில் போல உலோகம் இரு கரையிலும் கிளம்பி நிற்காது.

சில்லறைச் சித்தன்

அச்சு வெடிப்புக்கு என்ன விலை ஐயா?

முறிகண்டியார்

மெல்லிய வெடிப்புக்கு, அதுவும் புளி போட்டு மினுக்கின காசுக்கு, ஒரு ரூபா.

பனங்காமத்தான்

😂😂

விசுவமடுக் கடைக்காரன்

மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். சிரிக்கேல்லை. இன்னொரு கேள்வி. அந்தப் பெடியன் சொன்ன முகநூல் ஆள், காசை வாங்க முதல் "பதிவுக் கட்டணம்" கேக்கிறார். கட்டுறதோ?

முறிகண்டியார்

கட்ட வேண்டாம். விற்கிறவனிடமே பணம் கேட்கிற வியாபாரி உலகத்தில் இல்லை. இந்தியாவில் இந்த ஏமாற்று எவ்வளவு பெருத்தது என்றால், 2021 ஆகஸ்டில் அவர்களுடைய ரிசர்வ் வங்கியே, பழைய காசு விற்க நாங்கள் கட்டணமோ தரகோ கேட்பதில்லை, எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அறிவித்தது.

கொழும்புப் பக்கம் போனால் கோட்டை சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டிடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. நல்ல காசு எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணால் பார்த்து வாரும். 2013 இல் 25 மாவட்டத்துக்கும் தனித்தனி 10 ரூபா விட்டார்களே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் அதில் உண்டு. ஒரே அளவு, ஒரே உலோகம், வேறு வேறு சித்திரம். லென்ஸ் பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது.

மாங்குளம் சந்தி

கடைசியில வந்து கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. 1998 சுதந்திரப் பொன்விழா 10 ரூபா, ரெண்டு உலோகம். நடு வட்டம் இல்லாமல் வெளி வளையம் மட்டும் என்னட்ட இருக்கு. இது எரரோ?

பட்டறைப் பரமு

வளையத்தின்ர உள்முகத்தைப் பாருங்கோ. நடு வட்டத்தைப் பிடிச்ச தடமோ பள்ளமோ இருந்தால், அடிச்ச காசிலிருந்து ஆரோ தட்டிக் கழட்டினது. நடுவட்டம் இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் உள்பக்கம் வழிஞ்சு, ஓட்டை சுருங்கியிருக்கும், உள்கரை உருண்டிருக்கும்.

மாங்குளம் சந்தி

பள்ளம் இருக்கு. சுத்தியல் அடையாளமும் இருக்கு.

பட்டறைப் பரமு

பிறகென்ன, நடு வட்டத்தை வீட்டில தேடுங்கோ.